ரெக்கார்டு நோட்டும் ரிட்டர்னும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "நீ கட்டாயம் பேசணும்ப்பா" என்றார். "நான் என்ன சார் பேசறது?" என்று கேட்டேன். "சொந்தத் தொழில் நடத்தறே இல்லையா, அதுல நீ கத்துக்கிட்டதைச் சொல்லு" என்றார். இயந்திரங்களைப் பற்றிப் பேசலாம் என்றால், அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கத்திலேயே இருபது பேர் இருக்கிறார்கள். ஆகவே, இந்தக் கட்டடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தராத, பிற்பாடு நான் பணம் கட்டிப் படித்த ஒரு பாடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எந்தவிதமான தொழிலுக்கு எந்தத் தேதிக்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விடுகிறீர்கள், தெரிகிறது. பத்து நிமிஷம் பொறுங்கள், தூக்கம் போய்விடும்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது தெர்மல் லேப் ரெக்கார்டு நோட்டை வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வைக்க வேண்டும் என்று உத்தரவு. நான் ராத்திரி முழுக்க விழித்து, பன்னிரண்டு சோதனைகளையும் அழகாக எழுதி, கிராஃபெல்லாம் போட்டு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொண்டு போனேன். சார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "கிராஃப் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா இது நேத்து வந்திருக்கணுமே" என்றார். பாதி மார்க் போயிற்று. அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபமான கோபம். அந்தச் சார் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருக்கிறார்.

படிப்பு முடிந்து சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, 2021ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கோவை கணபதி பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு லேத், பழைய சி.என்.சி. மெஷின் ஒன்று, மூன்று பையன்கள். மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. தனி ஆள் முதலாளி, அதாவது புரொப்ரைட்டர். முதல் வருஷம் எல்லோருக்கும் போல எனக்கும் நஷ்டம். வாடகை, சம்பளம், பேங்க் வட்டி, போதாக்குறைக்கு ஒரு லாட் முழுக்க அளவு தப்பித் திரும்பி வந்தது. 2022 மார்ச்சில் கணக்கை மூடும்போது வியாபார நஷ்டம் 6 லட்சம். மெஷின் தேய்மானம் தனியாக 2 லட்சம்.

அந்தக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் 2022 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. ஆடிட்டர் ஜூன் மாதத்திலேயே, "ஏனுங்க தம்பி, பில்லெல்லாம் கொண்டாந்து குடுங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கோ ஒரு அசட்டுத் தைரியம். 2019இல் ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். 2020இல் கொரோனா வந்து அடுத்த ஜனவரி 10 வரை போயிற்று. 2021இல் டிசம்பர் 31 வரை போயிற்று. மூன்று வருஷமாக நீட்டியவர்கள் நான்காவது வருஷம் நீட்டாமலா போவார்கள்? அதுவுமில்லாமல், நமக்கு வந்திருப்பதோ நஷ்டம். கட்ட வேண்டிய வரியே இல்லாதவன் எப்போது கணக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன்.

அந்த வருஷம் நீட்டவில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாடு முழுக்க 72 லட்சத்துக்கும் மேல் கணக்குகள் தாக்கலாயின. நான் ஆகஸ்ட் எட்டாம் தேதி சாவகாசமாகப் பில் கட்டோடு போய் உட்கார்ந்தேன். "அபராதம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். "உங்களுக்கு வருமானமே இல்லையே, அபராதம் ஒண்ணுமில்லீங்க" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். "அப்புறமென்னங்க!" என்று எழுந்தேன். "உக்காருங்க தம்பி. அந்த ஆறு லட்சம் போச்சு" என்றார்.

இதை மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த வருஷம் வந்த வியாபார நஷ்டத்தை அடுத்த எட்டு வருஷத்து வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரே ஒரு நிபந்தனை: நஷ்டம் வந்த வருஷத்துக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். எட்டு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும். தேய்மானம் மட்டும் போகாது. அதற்கு விதி வேறு, தாமதமானாலும் அது கூடவே வரும். ஆக எனக்கு மிஞ்சியது அந்த 2 லட்சம் தேய்மானம் மட்டும். நேர்மையான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். "நீட்டுவார்கள் என்று நினைத்தேன்" என்பதை எந்த மனுவில் எழுதுவது?

அடுத்த வருஷம் தொழில் பிடித்துக்கொண்டது. 2022-23இல் லாபம் ஒன்பதரை லட்சம். நஷ்டம் 6, தேய்மானம் 2 இரண்டையும் கழித்திருந்தால் மிச்சம் ஒன்றரை லட்சம், வரி பூஜ்யம். தேய்மானத்தை மட்டும் கழித்ததால் ஏழரை லட்சத்துக்கு வரி. மற்றக் கழிவுகள் எதுவும் எனக்கு இல்லை. அன்றைய பழைய விகிதப்படி 62,500, அதன்மேல் செஸ் 2,500, ஆகமொத்தம் 65,000 ரூபாய். என் பட்டறையில் ஹெல்பராக இருந்த தம்பியின் ஐந்து மாதச் சம்பளம் அது. எட்டு நாள் சோம்பலின் விலை. வெள்ளிக்கிழமை கொண்டு போன ரெக்கார்டு நோட்டு அப்போது ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு எந்தத் தேதி, அது ஏன் அந்தத் தேதி என்று கேட்க ஆரம்பித்தேன். எஞ்சினியர் புத்தி, காரணம் தெரியாமல் ஒரு எண்ணை மனப்பாடம் செய்ய வராது. காரணம் தெரிந்ததும் எல்லாம் ஒரு படிக்கட்டு மாதிரி வரிசையாக நின்றது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நிதியாண்டு எல்லோருக்கும் மார்ச் 31இல் முடிகிறது. அதன்பின் கணக்கை எழுதி முடிக்க யாருக்கு எவ்வளவு வேலை இருக்கிறதோ, அவ்வளவு அவகாசம்.

முதல் படி, தணிக்கை வேண்டாதவர்கள். டீக்கடை, மளிகைக் கடை, சின்னப் பட்டறை, வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்து கொடுக்கும் எஞ்சினியர் எல்லோரும் இதில் வருவார்கள். விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால், கணக்குப் புத்தகம் எழுதாமலேயே, ரொக்க வரவில் 8 சதவீதம், பேங்க் வழி வரவில் 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டுப் போக ஒரு வழி உண்டு. ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. நம்மைப் போன்ற எஞ்சினியர்கள் ஆலோசனைத் தொழில் செய்தால் வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் குறைவாக இருந்தால் 75 லட்சம் வரை, பாதியை லாபமாகக் காட்டலாம். இவர்களுக்கெல்லாம் பல வருஷமாகக் கெடு ஜூலை 31. 2026 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், சம்பளக்காரர்கள் போன்ற எளிய கணக்குகளுக்கு ஜூலை 31ஐ வைத்துக்கொண்டு, தணிக்கை இல்லாத வியாபாரக் கணக்குகளுக்கு ஆகஸ்ட் 31 வரை இடம் தர முன்மொழிந்தார்கள். நான் ஜூலை 31ஐயே என் தேதியாக வைத்திருக்கிறேன். சூடு கண்ட பூனை.

இரண்டாவது படி, தணிக்கை வேண்டியவர்கள். வியாபாரத்தில் விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால் தணிக்கை. வரவு செலவு இரண்டிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த எல்லை 10 கோடி. ஆலோசனைத் தொழிலுக்கு 50 லட்சம். ஆடிட்டர் தன் அறிக்கையை செப்டம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து நாம் அக்டோபர் 31க்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அறிக்கைக்கும் தாக்கலுக்கும் நடுவே ஒரு மாதம் ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? நாம் படித்த நெட்வொர்க் டயக்ராம்தான். முந்தைய வேலை முடியாமல் அடுத்த வேலை தொடங்காது.

கூட்டுத் தொழில், அதாவது பார்ட்னர்ஷிப், இந்த இரண்டு படியில் எதில் நிற்கும் என்பது தணிக்கையைப் பொறுத்தது. இரண்டு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. ஒன்று, லாபமோ நஷ்டமோ, வியாபாரமே நடக்கவில்லையோ, கூட்டு நிறுவனம் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு, நிறுவனத்துக்குத் தணிக்கை என்றால் பங்குதாரரின் சொந்தக் கணக்குக்கும் அக்டோபர் 31தான் கெடு. நிறுவனத்தின் கணக்கு முடிந்தால்தானே இவருடைய பங்கு தெரியும்!

எல்.எல்.பி. என்கிற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கு வருமான வரி மட்டுமல்ல, கம்பெனிப் பதிவாளருக்கும் கணக்கு உண்டு. ஆண்டறிக்கை மே 30க்குள், கணக்கறிக்கை அக்டோபர் 30க்குள். விற்றுமுதல் 40 லட்சமோ, பங்களிப்பு 25 லட்சமோ தாண்டினால் எல்.எல்.பி. சட்டப்படியே தணிக்கை வந்துவிடும். உடனே வருமான வரிக் கெடுவும் அக்டோபர் 31க்கு நகர்ந்துவிடும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் விற்றுமுதல் ஒரு ரூபாயாக இருந்தாலும் தணிக்கை உண்டு. வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31. பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்தை செப்டம்பர் 30க்குள் நடத்த வேண்டும். கூட்டம் நடந்த 30 நாளுக்குள் நிதி அறிக்கை, 60 நாளுக்குள் ஆண்டறிக்கை, இரண்டும் பதிவாளருக்குப் போக வேண்டும். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் இருந்து, விலை நிர்ணய அறிக்கை தர வேண்டியிருந்தால் வருமான வரிக் கெடு நவம்பர் 30. வேலை அதிகம், அதனால் அவகாசமும் அதிகம்.

சங்கப் பொருளாளர் எனக்குக் கேள்விப்படாத மாதிரி அந்தப் பக்கம் பார்க்கிறார். சார், தணிக்கை வேண்டிய அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் செப்டம்பர் 30க்குள் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31க்குள் கணக்கு. நாம் கொடுத்த நன்கொடைக்கெல்லாம் வரி விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். (சிரிப்பு)

இந்த இடத்தில் மாணவர்களிடம் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கல்லூரியில் படித்த ஒரு தம்பி, இறுதி ஆண்டில் நண்பனோடு சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்தான். ஏதோ போட்டியில் பரிசு வாங்கிய உற்சாகம். விசிட்டிங் கார்டில் 'டைரக்டர்' என்று போட்டுக்கொண்டான். ஆறு மாதத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது, ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். "பிசினஸே பண்ணலியேண்ணா, அதுக்கு என்ன கணக்கு?" என்றுதான் 2024இல் என்னிடம் வந்து கேட்டான். கையில் நோட்டீஸ்.

கணக்கைச் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். கம்பெனிப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டிய அந்த இரண்டு படிவங்களில், ஒவ்வொன்றுக்கும் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். உச்சவரம்பு கிடையாது. ஒரு வருஷம் தாமதமானால் ஒரு படிவத்துக்கு 36,500, இரண்டுக்கும் சேர்த்து 73,000. இரண்டு வருஷம் என்றால் லட்சத்தைத் தாண்டிவிடும். தொடர்ந்து மூன்று வருஷம் கொடுக்காவிட்டால் டைரக்டருக்கு ஐந்து வருஷத் தகுதி நீக்கம். 2017இல் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். இந்தத் தம்பி அபராதத்தையெல்லாம் கட்டி, மூடுவதற்கான விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாயையும் கட்டி, அந்தக் கம்பெனியை மூடினான். பணம் கொடுத்தது அவன் அப்பா. மஞ்சள் விற்ற பணம். அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை என்று சொல்லிவிட்டு அவன் அழுதான்.

கம்பெனி தொடங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திறப்பதற்கு முன், வியாபாரம் இல்லாத வருஷத்துக்கும் அது என்னென்ன கேட்கும் என்று தெரிந்துகொண்டு திறங்கள். முதலில் தனி ஆளாகவோ கூட்டாகவோ நடத்திப் பார்த்து, வாடிக்கையாளர் நிலைத்த பிறகு கம்பெனியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

வருஷக் கெடு இப்படி என்றால், மாதக் கெடு வேறு. 2017 ஜூலை 1 முதல் வந்த ஜி.எஸ்.டி.யில், விற்ற பில் விவரம் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், வரியோடு மொத்தக் கணக்கு 20ஆம் தேதிக்குள். விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க 2021 ஜனவரி முதல் வழி செய்தார்கள். அவர்களுக்கு பில் விவரம் 13, நம் தமிழ்நாட்டில் மொத்தக் கணக்கு 22. ஆனால் காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் வரியை மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். இணக்க வரி, அதாவது காம்போசிஷன் முறையில் இருக்கும் சின்னக் கடைக்காரர்களுக்குக் காலாண்டு முடிந்து 18ஆம் தேதி. அவர்களுடைய ஆண்டுக் கணக்கு முன்பு ஏப்ரல் 30 ஆக இருந்தது, 2024-25 கணக்கிலிருந்து ஜூன் 30.

11, 13, 20 என்று எதற்கு இத்தனை தேதி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதன் காரணத்தையும் பணம் கொடுத்துத்தான் படித்தேன். நான் பில் விவரத்தை 11 அல்லது 13க்குள் ஏற்றினால், 14ஆம் தேதி என் வாடிக்கையாளருடைய பட்டியலில் அது தெரியும். அதைப் பார்த்து அவர் 20ஆம் தேதி வரவு எடுத்துக்கொள்வார். 2022 ஜனவரி 1 முதல், அந்தப் பட்டியலில் இல்லாத பில்லுக்கு வரவே கிடையாது. ஆக, என் கெடு என்னோடு முடிவதில்லை. என் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. அசெம்பிளி லைனில் ஒரு ஸ்டேஷன் தூங்கினால் அடுத்த ஸ்டேஷன் சும்மா நிற்கிற மாதிரி.

நான் காலாண்டு முறையில் இருந்தேன். 2022 ஜூலையில் ஒரு பெரிய கம்பெனிக்கு 5 லட்சத்துக்கு ஷாஃப்ட் அனுப்பினேன். வரி 90,000. காலாண்டு முறையில் இருப்பவர்களும் நடு மாதப் பில்களை 13ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றலாம் என்று ஒரு வசதி இருப்பது எனக்குத் தெரியாது. ஏற்றவில்லை. அவர்கள் பட்டியலில் என் பில் வரவில்லை. "உங்க பில் தெரியலைங்க, தெரிஞ்சதும் வரிப் பணத்தை விடறோம்" என்று 90,000 ரூபாயை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. காலாண்டு முடிந்து அக்டோபரில்தான் பணம் வந்தது.

எங்கள் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லாவில் பணமில்லை. பையன்கள் கை கழுவிவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது என் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்துத்தான் கூலி கொடுத்தேன். பொருளைச் சரியாகச் செய்து, சரியான நேரத்தில் லாரியில் ஏற்றியவன் நான். பில்லைத்தான் ஏற்றவில்லை.

இன்னும் இரண்டொரு வார்த்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு உண்டு. தொடர்ந்து இரண்டு தடவை கணக்குக் கொடுக்காவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது, சரக்கு ஷெட்டை விட்டு நகராது. யாருக்காவது டி.டி.எஸ். பிடித்தால், பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. முன்கூட்டிக் கட்டும் வரியை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 ஆகிய நான்கு தவணையில் 15, 45, 75, 100 சதவீதம் என்று கட்டி முடிக்க வேண்டும். 8, 6 சதவீதக் கணக்குக்காரர்களுக்கும் பாதி லாபம் காட்டும் ஆலோசகர்களுக்கும் மார்ச் 15 ஒரே தவணை போதும். இன்னொன்று, கம்ப்யூட்டரில் தாக்கல் செய்ததோடு வேலை முடிவதில்லை. 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாத கணக்கு, கையெழுத்துப் போடாத விடைத்தாள்.

கெடு தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குக் கொடுக்கலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000, அதற்கு மேல் 5,000 தாமதக் கட்டணம். கட்டாமல் நிற்கும் வரிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. இந்த அபராதங்களைப் பார்த்து, "இவ்வளவுதானே" என்று நினைக்காதீர்கள். என்னைப் பாருங்கள், எனக்கு அபராதம் ஒரு ரூபாய்கூட இல்லை. போனது உரிமை.

தேதிகள் மாறும், அதையும் சொல்ல வேண்டும். 2025இல் ஜூலை 31ஐ செப்டம்பர் 15க்கு நீட்டி, கடைசியில் இன்னும் ஒரு நாளும் கொடுத்தார்கள். தணிக்கைக்காரர்களுக்கு அக்டோபர் 31 டிசம்பர் 10 ஆயிற்று. 1961ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. பிரிவு எண்கள், படிவ எண்கள் எல்லாம் புதிது. ஆகவே நான் சொன்னதை அப்படியே கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். ஒவ்வோர் ஏப்ரலிலும் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள். நீட்டிப்பு என்பது கோடை மழை. வந்தால் சந்தோஷம். அதை நம்பி நாற்று விடக் கூடாது.

என் பட்டறையில் இப்போது தினசரி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. ராகு காலம், எமகண்டம் பார்க்கத் தவறாத நாம் 11ஐயும் 20ஐயும் பார்ப்பதில்லை. ஆயுத பூஜையன்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், மறுநாள் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அந்த அட்டையில் இருப்பதை மலரில் அச்சிட்டால் யாருக்காவது உதவும் என்று செயலாளர் சொன்னதால் இங்கே தருகிறேன்.

மாதம் 7: பிடித்த டி.டி.எஸ். கட்ட.
மாதம் 11 (காலாண்டுக்காரர்கள் 13): ஜி.எஸ்.டி. பில் விவரம்.
மாதம் 20 (தமிழ்நாட்டில் காலாண்டுக்காரர்கள் 22): ஜி.எஸ்.டி. மொத்தக் கணக்கு.
மே 30: எல்.எல்.பி. ஆண்டறிக்கை.
ஜூலை 31: தணிக்கை இல்லாதவர்கள் கணக்கு (ஆகஸ்ட் 31 பற்றி ஆடிட்டரைக் கேட்கவும்).
செப்டம்பர் 30: தணிக்கை அறிக்கை, கம்பெனி ஆண்டுக் கூட்டம்.
அக்டோபர் 30: எல்.எல்.பி. கணக்கறிக்கை.
அக்டோபர் 31: தணிக்கை உள்ளவர்கள், கம்பெனிகள் கணக்கு.
நவம்பர் 30: வெளிநாட்டு விலை நிர்ணய அறிக்கை உள்ளவர்கள்.
டிசம்பர் 31: ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கு.

அட்டையின் அடியில் ஒவ்வொரு தேதிக்கும் பத்து நாள் முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளி வந்த அன்று பில் கட்டு ஆடிட்டர் மேஜையில் இருக்கும். வளையல்கள் அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே வீட்டுக்குத் திரும்பிவிட்டன. ஆறு லட்சம் மட்டும் திரும்பவில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. இன்று காலை சாரைப் பார்த்ததும், "அந்த ரெக்கார்டு நோட்டு ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. "உனக்கு ஞாபகம் இருக்கில்ல, அது போதும்" என்றார். அன்றைக்கு அவர் அந்தப் பாதி மார்க்கை எடுக்காமல் விட்டிருந்தால் நான் அவரை நல்லவர் என்று சொல்லியிருப்பேன். இன்றைக்கு நல்ல வாத்தியார் என்று சொல்கிறேன். அவர் குறைந்த செலவில் சொல்லித் தந்ததை நான்தான் சரியாகப் படிக்கவில்லை. தம்பி தங்கையரே, உங்கள் ரெக்கார்டு நோட்டை வியாழக்கிழமையே வைத்துவிடுங்கள்.